இடது சீட்டில் ஒரு கேசட்

பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கேட்டு முடித்ததும் நீங்கள் என்னைப் பார்க்கப்போகும் பார்வை எனக்குத் தெரியும், ஏற்கெனவே இரண்டு பேரிடம் அதைப் பார்த்தாயிற்று. பொத்தேரியில் பல வருடம் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தவன் நான். சார், கம்ப்யூட்டர் தானாக ஆஃப் ஆகிறது, தானாக எழுத்து வருகிறது என்று காலேஜ் பிள்ளைகள் ஓடிவந்தால் முதலில் பிளக்கைப் பார்ப்பேன், அடுத்து கீபோர்டில் எந்த பட்டன் அமுங்கிக் கிடக்கிறது என்று பார்ப்பேன், இரண்டில் ஒன்றில் விஷயம் முடிந்துவிடும். எல்லாவற்றுக்கும் எங்கேயோ ஒரு பிளக் இருக்கும் என்பதுதான் என் கட்சி. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அந்த பிளக்கை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

சென்டரில் ஆறு மெஷின். மெயில் பார்க்க வந்தேன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து கேம் ஆடுவார்கள். அதில் ஒரு ரேலி கேம். ரேலி என்றால் வட்டமாகச் சுற்றுகிற ரேஸ் இல்லை. மண் ரோடு, மலை ரோடு, காட்டுப்பாதை என்று ஒவ்வொரு வண்டியாகத் தனித்தனியாக விடுவார்கள், குறைந்த நேரத்தில் போய்ச் சேர்ந்தவன் ஜெயித்தவன். அந்த கேமில் எல்லாரும் அடித்துக்கொள்கிற வண்டி, ஜப்பான்காரன் ரேலிக்கென்றே வளர்த்துவிட்ட லேன்சர் எவோ. பார்த்தால் ஆபீசர் வீட்டு கார், நான்கு கதவு, டிக்கி, குடும்பத்தோடு திருப்போரூர் கோயிலுக்குப் போய்வரலாம். ஆனால் டிக்கிக்கு மேலே பெரிய இறக்கை, முன்னால் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிற பம்பர். நம் ஊரில் அப்போது லேன்சர் விற்றார்கள், எவோ விற்கவில்லை. எவோ வேண்டும் என்றால் ஸ்கிரீனில்தான்.

அதை ஸ்கிரீனில் ஓட்டத்தான் தனா வருவான். தனசேகர். மாமல்லபுரத்தைத் தாண்டி ஒரு குப்பத்தில் வீடு, நைனாவுக்குச் சொந்தமாக ஃபைபர் படகு. இவனுக்குப் படகில் ஏறினால் வாந்தி வரும். மீன் பிடிக்கிற வீட்டில் பிறந்துவிட்டு அலையைப் பார்த்து வாந்தி எடுக்கிறவன் என்று குப்பமே சிரித்ததில் வெறுத்துப்போய் டிரைவிங் கற்றுக்கொண்டான். நாவலூரில் ஒரு கம்பெனிக்கு ராத்திரி ஷிப்ட் ஆட்களை ஏற்றி இறக்குகிற வேலை. கடைசி ட்ரிப் கூடுவாஞ்சேரிப் பக்கம் முடியும், அப்படியே என் சென்டருக்கு வந்து, பிள்ளைகள் கிளாசில் இருக்கிற நேரமாகப் பார்த்து ஒரு மணி நேரம் எவோ ஓட்டிவிட்டுத்தான் தூங்கப் போவான். அப்படிப் பழக்கமானவன். ஆறு மாதத்தில் என்னை மச்சான் என்று கூப்பிடுகிற ஒரே ஆள் ஆகிவிட்டான்.

கல்பாக்கம் டவுன்ஷிப்பில் ஒருவர் மாற்றலாகிப் போகும்போது தன் வெள்ளை லேன்சரை விற்றார். தனா அதை வாங்கினான். எப்படி வாங்கினான் என்பது தனிக் கதை, அதை விடுங்கள். வாங்கின மறு வாரமே நைனாவின் படகுக்கு ஒட்டுப்போட வைத்திருந்த ஃபைபர் பாயையும் பிசினையும் எடுத்து, எவோவுக்கு இருக்கிற மாதிரி டிக்கிக்கு ஒரு இறக்கை செய்துவிட்டான். படகுக்கு அடிக்கிற நீலப் பெயின்டைப் பூசினான். பக்கத்தில் போனால் பிசின் வாடையும் கருவாட்டு வாடையும் சேர்ந்து அடிக்கும். தூரத்தில் இருந்து பார்த்தால், நம்புங்கள், எவோதான்.

அடுத்த வருடம் ஒரு ரேலிக்குப் பெயர் கொடுக்க வேண்டும் என்பது அவன் ஆசை. ரேலியில் ஓட்டுகிறவனுக்குப் பக்கத்தில், நம் ஊர் வண்டிக்கு இடது சீட்டில், இன்னொருவன் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார வேண்டும். அடுத்த வளைவு எப்படி இருக்கும் என்று அவன் படித்துக்கொண்டே வருவான். இவன் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே காது கேட்டுத் திருப்பிவிடுவான். கேமில் அதை ஒரு ஆங்கிலக் குரல் சொல்லும். தனாவுக்கு அந்த இங்கிலீஷ் பிடிபடவில்லை.

"தமிழ்லயே எழுதலாம் மச்சான். நீதான் என் இடது சீட்டு."

ஒன்று என்றால் கொண்டை ஊசி, ஆறு என்றால் ஏறக்குறைய நேர் ரோடு. வளைவு போகப்போக இறுகினால் குறுகுது, போகப்போக அகன்றால் விரியுது. நடுவில் நூறு, எம்பது என்று வந்தால் அடுத்த வளைவுக்கு அத்தனை மீட்டர். இதெல்லாம் கேமில் உள்ளதுதான். ஒரே ஒரு விதி மட்டும் தனா சேர்த்தது. நான் ஒவ்வொன்று சொன்னதும் அவன் "ம்" என்று சொல்வான். அது படகில் உள்ள பழக்கம். அலையைத் தாண்டும்போது முன்னால் நிற்கிறவன் பார்த்துச் சொல்வான், பின்னால் இன்ஜின் பிடிக்கிறவன் ஒவ்வொன்றுக்கும் "ம்" கொடுக்க வேண்டும். இன்ஜின் சத்தத்தில் காதில் விழுந்தது என்பதற்கு அதுதான் அடையாளம். "ம்" வரவில்லை என்றால் முன்னால் நிற்கிறவன் திரும்பிப் பார்ப்பான், ஆள் இருக்கிறானா தண்ணீரில் விழுந்துவிட்டானா என்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் மொபெட்டில் கிளம்பினோம். அவன் வீட்டில் இருந்து புறப்பட்டதால் மாமல்லபுரத்தில் தொடங்கி திருக்கழுக்குன்றம் வரைக்கும், ஒவ்வொரு வளைவிலும் இறங்கி, இது நாலா அஞ்சா என்று சண்டை போட்டு எழுதினோம். எழுதி முடித்த பிறகு அவன் சொல்கிறான், ஓட்டப்போவது மறுபக்கமாக, திருக்கழுக்குன்றத்தில் இருந்து கடலைப் பார்த்து, வீட்டைப் பார்த்து என்று.

"அப்போ இன்னொரு வாட்டி அந்தப் பக்கமா போய்ப் பாத்து எழுதிக்கலாம் மச்சான்."

"இன்னாத்துக்கு? கீழேர்ந்து மேல எழுதினா ஆச்சு. இடதுன்னு கீறத வலதுன்னு மாத்தணும், விரியுதுன்னு கீறத குறுகுதுன்னு மாத்தணும். உக்காந்த எடத்துல முடியிற வேலைக்கு எதுக்குடா வெயில்ல அலையணும்?" என்றேன் நான்.

அவன் தலையை ஆட்டினான். கம்ப்யூட்டர்க்காரன் சொன்னால் சரியாக இருக்கும் என்று அவனுக்கு ஒரு நம்பிக்கை. அதைச் சொல்லும்போது நான் சிரித்தேன் என்பது கூட எனக்கு ஞாபகம் இருக்கிறது.

சென்டரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் திருப்பி எழுதினேன். அடுத்த வாரம் முதல் தடவை அந்த இடது சீட்டில் உட்கார்ந்தேன். மூன்றாவது வளைவிலேயே குடலைப் பிடுங்கிக்கொண்டு வந்தது. கதவைத் திறந்து ரோட்டோரம் வாந்தி எடுத்தேன். தனா விழுந்து விழுந்து சிரித்தான், எனக்குக் கடல், உனக்குக் காரா என்று. ஆனால் வாந்தி மட்டும் இல்லை. எனக்குப் பயம். அந்த வேகத்தில் புளியமரங்கள் எதிரே வருவதைப் பார்க்க என்னால் முடியவில்லை. இதை அவனிடம் சொல்ல வெட்கம், அதனால் சென்டரை விட்டு வரமுடியவில்லை என்று சாக்குச் சொன்னேன். அவன் யோசித்துவிட்டு, அப்படியென்றால் நோட்டைப் படித்து கேசட்டில் பிடித்துக் கொடு, வண்டியில் டேப் இருக்கிறது, போட்டுக்கொண்டு நான் மட்டும் பழகுகிறேன் என்றான்.

இங்கே கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள், இதுதான் முக்கியம். அந்த கேசட்டை நான் தனியாகப் பதிவு செய்தேன். சென்டர் ஷட்டரை இறக்கி, ஃபேனை நிறுத்தி, வீட்டில் இருந்து கொண்டுவந்த டேப் ரெக்கார்டரில், வேர்க்க வேர்க்க. தனா அப்போது நாவலூரில் டூட்டியில் இருந்தான். ஒரு வளைவுக்கும் அடுத்த வளைவுக்கும் எவ்வளவு நேரம் ஆகும் என்று அவன் குறித்துக் கொடுத்திருந்தான், வாட்சைப் பார்த்து அத்தனை நொடி சும்மா இருந்து அடுத்ததைப் படித்தேன். முடித்ததும் முழுதாகப் போட்டுக் கேட்டேன். என் குரல், நடுவில் சர்ரென்ற வெற்று டேப் சத்தம், மறுபடி என் குரல். வேறு எதுவும் இல்லை. யாரும் அதன்மேல் பாட்டு எதுவும் பிடித்துவிடக் கூடாது என்று கேசட்டின் முதுகில் இருக்கிற இரண்டு பிளாஸ்டிக் பல்லையும் ஸ்க்ரூடிரைவரால் உடைத்தேன். அதை உடைத்துவிட்டால் ரெக்கார்ட் பட்டன் அமுங்காது. தவிர கார் டேப்பில் ரெக்கார்ட் பட்டனே கிடையாது.

மூன்று வாரம் அதைப் போட்டுப் பழகினான். மத்தியானம் ஒன்றரைக்குமேல், பஸ் போன பிறகு, ரோடு காலியாக இருக்கிற நேரத்தில். பொது ரோட்டில் செய்கிற காரியமா அது என்று கேட்டால், இல்லைதான். அந்த வயதில் அது எங்களுக்குத் தோன்றவில்லை.

நான்காவது வாரம் ஒரு புதன்கிழமை அவன் அக்கா செல்வி சென்டர் நம்பருக்கு போன் செய்தாள். திருப்போரூரில் மீன் விற்கிறவள், எப்போதும் சத்தமாகப் பேசுகிறவள், அன்றைக்கு மெதுவாகப் பேசினாள். ஏரிக்கரைத் திருப்பத்தில் வண்டி நேராக இறங்கிவிட்டது. ஏரியில் தண்ணீர் இல்லை. எதிரில் வண்டி எதுவும் வரவில்லை, மாடு எதுவும் குறுக்கே வரவில்லை என்று ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர் சொன்னாராம். இரண்டு நாளாகச் சரியாகத் தூங்காமல் டூட்டி பார்த்திருக்கிறான், கண் அசந்திருப்பான் என்று எல்லாரும் முடிவு செய்தார்கள்.

போனேன், பார்த்தேன், தூக்கினேன், குளித்துவிட்டு வந்தேன். எனக்கு அழுகை வரவில்லை. மூன்றாம் நாள் சென்டரில் நோட்டை எடுத்துப் புரட்டினேன், எதற்கு என்று தெரியாது. மாமல்லபுரத்தில் இருந்து எழுதின பக்கத்தில் ஏரிக்கரைக்கு "இடது நாலு, விரியுது" என்று இருந்தது. மறுபக்கமாக வந்தால் அது வலது நாலு, குறுகுது. நான் திருப்பி எழுதின பக்கத்தில் "வலது நாலு, விரியுது" என்று இருந்தது. இடதை வலதாக்கியவன் மற்றதை மாற்றவில்லை. அந்த வரியை எழுதும்போது கரன்ட் போனது, ஜெனரேட்டரை இழுத்துவிட எழுந்து போனேன், திரும்பி வந்து அடுத்த வரியில் இருந்து எழுதினேன். அவ்வளவுதான் நடந்தது. கேசட்டிலும் அப்படியேதான் படித்திருந்தேன். இறுகப்போகிற வளைவில், அகலப்போகிறது, காலை எடுக்காதே என்று என் குரல் அவனுக்குச் சொல்லியிருக்கிறது. மூன்று வாரம் கண்ணால் பார்த்துச் சமாளித்திருப்பான், கண் அசந்த அன்றைக்குக் காதை மட்டும் நம்பியிருப்பான்.

யாரிடமும் சொல்லவில்லை. கருமாதிக்குப் போய் சாப்பிட்டுவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு நான்கு மாதம் எப்படிப் போனது என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. செங்கல்பட்டில் ரயில் ஏறுவேன், பொத்தேரியில் இறங்குவேன், ஷட்டரைத் தூக்குவேன், இறக்குவேன். சோறு வாயில் இருக்கும், விழுங்க வேண்டும் என்று நானாக நினைத்தால்தான் இறங்கும். கையில் டீ கொட்டியது ஒரு நாள், சூடு தெரியவில்லை, தோல் உரிந்த பிறகுதான் பார்த்தேன். ஒரு மத்தியானம் எவனோ அந்த ரேலி கேமைப் போட்டான், அந்த ஆங்கிலக் குரல் வளைவு சொல்ல ஆரம்பித்தது. நான் எழுந்து ஆறு மெஷினிலும் அந்த கேமை அழித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். கோபம் கூட வரவில்லை.

அப்புறம் செல்வியக்கா போன் செய்தாள். ஸ்டேஷனில் இருந்து வண்டியை விட்டுவிட்டார்கள், குப்பத்தில் கொண்டுவந்து போட்டிருக்கிறது, பழைய இரும்புக்காரன் வரப்போகிறான், உனக்கு ஏதாவது வேண்டுமா என்று வந்து பார் என்றாள். நான் நோட்டைப் பையில் எடுத்து வைத்துக்கொண்டேன். அன்றைக்குச் சொல்லிவிடுவது என்று முடிவு. அடிப்பாளோ, மண்ணை வாரித் தூற்றுவாளோ, எதுவானாலும் சரி, ஏதாவது ஒன்று நடந்தால் போதும் என்று இருந்தது.

பட்டப்பகல், பன்னிரண்டு மணி. குப்பத்தில் வெயில் தகதகவென்று அடிக்கிறது. லேன்சர் அவர்கள் வீட்டுப் பக்கத்தில் கிழிந்த வலை மூடிக் கிடந்தது. முன்பக்கம் போய்விட்டது. படகு ஃபைபரில் செய்த இறக்கை மட்டும் கீறல் இல்லாமல் அப்படியே இருந்தது. அதைத் தொட்டுப் பார்த்தேன், சுட்டது. நைனா தூரத்தில் படகோரம் உட்கார்ந்திருந்தார், என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

அக்கா வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். "வா பாலு. சாப்ட்டு தான் போவணும்" என்றாள். நான் பையைத் திறக்கப் போனேன். அதற்குள் அவள் அலம்பின கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "வண்டிலேர்ந்து இன்னா வேணுமோ எட்துக்க. அந்த கேசட்டு மட்டும் கேக்காத. போலீஸ்காரு செருப்போட சேத்து குட்தாரு, நான் வச்சிகினேன்" என்றாள்.

"எதுக்குக்கா அது? அதுல என் கொரலு தானே கீது."

"உன் கொரலும் கீது. அவன் கொரலும் கீதே. போட்டோ கீது வூட்ல, கொரலு வேற எதுல கீது? டெய்லி மத்தியானம் சோறு துன்ற நேரம் போட்டு வுடுவேன். எப்பப்பா புடிச்சீங்க ரெண்டு பேரும்?"

எனக்குப் புரியவில்லை. அவள் உள்ளே போய் டேப் ரெக்கார்டரைக் கொண்டுவந்து வாசற்படியில் வைத்து பட்டனை அமுக்கினாள். அவள் போடும்போதே கேசட்டைப் பார்த்தேன். முதுகில் இரண்டு பல்லும் உடைந்தபடியே இருந்தது.

"ஆரம்பம். நூறு. இடது அஞ்சு." என் குரல்.

"ம்."

தனாவின் குரல். பக்கத்தில் இருந்து சொல்கிற மாதிரி. பின்னால் இன்ஜின் சத்தம் இல்லை, காற்று இல்லை, ஒன்றும் இல்லை, ஷட்டர் இறக்கின ரூமுக்குள் என் பக்கத்தில் உட்கார்ந்து சொன்ன மாதிரி.

"புளியமரம். வலது மூணு."

"ம்."

எனக்கு உடம்பு சிலிர்த்தது, முடி நின்றது என்றெல்லாம் சொல்லமாட்டேன். அப்படி எதுவும் ஆகவில்லை. மரக்கட்டை மாதிரி நின்றேன். அக்கா மறுபடி மீனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். டேப் ஓடிக்கொண்டே இருந்தது. நான் சொல்லச் சொல்ல அவன் "ம்" கொடுத்துக்கொண்டே வந்தான், ஒன்று கூட விடவில்லை. ஏரிக்கரை வரப்போவது எனக்குத் தெரியும். நிறுத்திவிடலாம் என்று கை போனது, நிறுத்தவில்லை.

"எம்பது. ஏரிக்கரை. வலது நாலு, விரியுது."

கொஞ்சம் இடைவெளி. மற்ற இடத்தில் இல்லாத இடைவெளி.

"இல்ல மச்சான். குறுகுது."

அக்கா சிரித்தாள். "இங்க மட்டும் உன்னைத் திட்டுவான். தப்பா படிச்சியா?"

"ஆமாக்கா. தப்பா எழுதிட்டேன். நான்தான் தப்பா எழுதினேன், அந்த எடத்துலதான் அவன்..." என்று ஆரம்பித்து நோட்டை எடுத்து அவள் முன்னால் நீட்டினேன். கரன்ட் போனது, ஜெனரேட்டர், எல்லாம் கோர்வை இல்லாமல் சொன்னேன். அவள் கையை நிறுத்தி முழுதாகக் கேட்டாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, நோட்டை வாங்கவில்லை.

"நாலு மாசமா இத மனசுல வச்சிகினு தான் இப்பிடி எளச்சி போயிட்டியா?" என்றாள். "கேட்ட இல்ல இப்போ? குறுகுதுன்னு அவன்தானே சொல்றான். அவனுக்கு தெரிஞ்சிதான கீது. பொறந்ததுலேர்ந்து பாத்த ரோடு. தூக்கம்தான் பா எமன். நீ இன்னா செய்வ?"

என் கண்ணில் அப்போதுதான் தண்ணீர் வந்தது. ஆனால் எதற்காக வந்தது என்று அவள் நினைத்ததும் உண்மையில் எதற்காக வந்தது என்பதும் வேறு வேறு. அவள் எனக்குப் பாவமன்னிப்பு கொடுத்துவிட்டாள், அதற்கு ஆதாரமாக ஒரு கேசட்டைக் காட்டுகிறாள், அந்த ஆதாரம் இருக்கவே முடியாது என்பது எனக்கு மட்டும் தெரியும். அக்கா, இதை நான் தனியாகப் பிடித்தேன், அவன் அங்கே இல்லை என்று சொல்ல வேண்டும். சொன்னால் அவளிடம் மிச்சம் இருக்கிற தம்பி குரலை நான் பறிக்கிறேன். பயந்துபோய் யாராவது பூசாரியிடம் கொண்டுபோவாள், அவர் கடலில் போடச் சொல்வார். டேப்பில் அவன் அந்த வளைவைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தான். பாலம், ம். பனைமரம், ம். கடைசியில் "முடிவு, நிறுத்து" என்ற என் குரலுக்கும் ஒரு "ம்".

நான் வாயைத் திறக்கவில்லை. வறுத்த மீனும் சோறும் போட்டாள், சாப்பிட்டேன். காரில் இருந்து எதையும் எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த ரோட்டுப் பக்கம் பல வருடம் போகாமல் இருந்தேன். பிறகு பிள்ளைகள் எல்லாரும் சொந்தமாக லேப்டாப் வாங்கிவிட்டார்கள், சென்டரை மூடினேன். இந்த வருடம் மாமல்லபுரத்தில் ஒரு ஹோட்டலில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிற வேலை கிடைத்தது. பிள்ளையார் சதுர்த்தி முடிந்த திங்கட்கிழமை சேர்ந்தேன். செங்கல்பட்டில் இருந்து பஸ், திருக்கழுக்குன்றம் வழி. அதே ரோடு, அதே திசை.

முதல் நாளே இடதுபக்க ஜன்னல் சீட்டு கிடைத்தது. திருக்கழுக்குன்றம் தாண்டியதும் என் வாய் தானாக முணுமுணுக்க ஆரம்பித்தது. நூறு, இடது அஞ்சு. புளியமரம், வலது மூணு. நோட்டு எப்போதோ கரையான் அரித்துப் போய்விட்டது, ஆனால் ஒரு வரி மறக்கவில்லை. பஸ் மாட்டு வண்டி வேகத்தில் போகிறது, நான் ரேலிக்குப் படிக்கிற மாதிரி படிக்கிறேன். பக்கத்தில் இருந்த அம்மா ஏதோ சுலோகம் என்று நினைத்திருப்பாள். ஏரிக்கரை வந்தது. வலது நாலு, குறுகுது என்றேன். சரியாகச் சொன்னேன். ஒரு "ம்" சொல்கிற அளவு நேரம் காத்திருந்துவிட்டு அடுத்ததைப் படித்தேன். அன்றில் இருந்து தினமும் காலை இதேதான். வீட்டிலும், கேசட் கதை கேட்ட அந்த இரண்டு பேருக்கும் இந்த பஸ் விஷயம் தெரியாது, இப்போது உங்களிடம் சொல்வதுதான் முதல்.

போன மாதம் செல்வியக்கா போன் செய்தாள். நைனாவுக்கு உடம்பு சரியில்லை என்று பேசிவிட்டு வைக்கப்போகும்போது சொன்னாள்.

"கேசட்டு தேஞ்சி போச்சு பாலு. உன் கொரலு சுத்தமா வரல, வெறும் சர்ருன்னு கீது. அவன் மட்டும் ம், ம்னு சொல்லிகினே கீறான். கேக்க ஒரு மாதிரி கீது, யாருக்கு சொல்றான்னே தெரியல."

ஒரே டேப், அதைப் படிக்கிற ஹெட்டும் ஒன்று, தேய்ந்தால் இரண்டு குரலும் சேர்ந்துதான் தேய வேண்டும்.

"இன்னொண்ணு. அந்த ஏரிகர எடத்துல உன்னைத் திட்டுவானே, இல்ல மச்சான்னு? அத காணோம் பா. அங்கயும் இப்போ ம்னு தான் சொல்றான்."

"எப்பலேர்ந்துக்கா?"

"நான் இன்னா நாளா எண்ணிகினு கீறேன்? பிள்ளையாரு சதுர்த்திக்கு அப்பறம் தான் கவனிச்சேன்."

நான் பிளக்கைப் பார்க்கிற ஆள் என்றேன் இல்லையா. இதற்கும் ஒரு வழி இருக்கிறது. ஒரே ஒரு நாள் அந்த பஸ்ஸில் வாயை மூடிக்கொண்டு போய்விட்டு, மத்தியானம் அக்காவுக்கு போன் செய்து கேசட்டில் என்ன கேட்கிறது என்று கேட்டால் போதும், தெரிந்துவிடும். எனக்கு மனம் வரவில்லை. "ம்" வரவில்லை என்றால் முன்னால் நிற்கிறவன் திரும்பிப் பார்ப்பான் என்று தனா சொல்லியிருக்கிறான். முன்னால் இருந்து குரல் வரவில்லை என்றால் பின்னால் இருக்கிறவன் என்ன செய்வான் என்று நான் அவனைக் கேட்டதே இல்லை.

ஹோட்டலில் எனக்கு செவ்வாய்க்கிழமை லீவு. செவ்வாய்க்கிழமையும் அந்த பஸ்ஸில் போய்விட்டுத்தான் வருகிறேன்.